வளையப் புணரியல்

எழுத்தோடு எழுத்து சேர்ந்தால் என்னென்ன நேரும் என்பதைப் பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்துவிட்டார். வளையத்தோடு வளையம் சேர்ந்தால் நேர்வதை வகுக்கத்தான் ஆளில்லை. சங்கிலிக் கவசப் பின்னலில் ஒரு கைச்சங்கிலி செய்யப்போய் மூன்று மாலைப்பொழுதுகளைத் தொலைத்தவன் என்ற தகுதியில் அக்குறையை அடியேன் நீக்குகிறேன்.

இப்பின்னலின் பிறப்பிடம் போர்க்களம். கெல்ட்டியர் கண்ட வித்தை என்பர். ருமேனியாவின் சியுமெஷ்டியில் கெல்ட்டியத் தலைவன் ஒருவனின் புதைகுழியில் இரும்பு வளையச் சட்டை கிடைத்திருக்கிறது. வாளுக்கு அஞ்சியவர்கள் வளையத்தின் வாயை ஆணியறைந்து மூடினார்கள். நமக்குப் பகை புடவை இழை மட்டுமே. இரு முனையும் முட்டி நின்றால் போதும்.

நான் எடுத்தது 1.2 மி.மீ. அலுமினியக் கம்பி, 4.8 மி.மீ. உள்விட்டம். பின்னதை முன்னதால் வகுக்க 4 வரும். இதுவே மாத்திரை என்க. ஒவ்வொரு வளையமும் நான்கைக் கோத்து நிற்கும் ஐரோப்பியப் பின்னலில் இந்த எண் 3-க்குக் கீழே இறங்கினால் சங்கிலி விறைத்துக்கொள்ளும். மிக ஏறினால் தொளதொளக்கும்.

இனிப் புணர்ச்சி. ஏற்கெனவே பின்னலில் இருப்பது நிலைவளையம்; வந்து சேர்வது வருவளையம். வந்தது வட்டம் குலையாமல் புகுந்து மூடிக்கொண்டால் இயல்பு புணர்ச்சி. இதற்கு என்னிடம் எடுத்துக்காட்டு இல்லை.

இயல்பாகச் சேராவிட்டால் விகாரம்; அது மூன்று வகை. அவற்றுள் திரிதல் தலையாயது. பிற இடங்களில் அது மாற்றம். இங்கே அதுவே விதி. நான் முதலில் இரண்டு குறடுகளாலும் வாயை இடவலமாக இழுத்தேன். வளையம் கோழிமுட்டையாயிற்று. தெருமுனைப் பத்தர் பார்த்துவிட்டு, "வாயைக் கிழிக்காதீங்க சார், திருப்புங்க" என்றார். ஒரு முனையைத் தன் பக்கமும் மற்றதை அப்பாலும் தள்ளினார். வட்டம் அப்படியே இருந்தது. மூடும்போது முனைகளைக் கொஞ்சம் தாண்டவிட்டு, உள்ளே அழுத்தியபடி திருப்பிக் கொண்டுவந்தார். முனையோடு முனை உரசிக் 'கரக்' என்றது. தாண்டாமல் நிறுத்தினால் கம்பி தன் குணத்துக்குப் பின்வாங்கி, மயிரிழை இடைவெளி விடும். அந்த இடைவெளியில்தான் என் மனைவியின் பட்டுப்புடவை இழை மாட்டியது. (பல் வைத்த குறடு வளையத்தில் பதித்த கோடுகளைப் பத்தர் தடவிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.) பிழையென்று ஒரே வளையத்தைப் பலமுறை திறந்து மூடுவதும் ஆகாது, உலோகம் இறுகி ஒடியும்.

தோன்றல் எனக்குக் கைவந்தது. அடுத்தடுத்த வரிசைகள் எதிரெதிராய்ச் சாயவேண்டும். எண்ணிக்கை தவறி நான் செருகிய ஓர் உபரி வளையம் பின்னலின் நடுவே கொப்புளமாய்ப் புடைத்தது. அதை ஆபரணம் என்றே சாதித்தேன்.

மூன்றாவது கெடுதல். குறடு நழுவ வருவளையம் தெறித்துக் கட்டிலடியில் மறையும். நன்னூலார் வழியில் கெட்டது கெட்டதுதான். வளையத்துக்கு அது பொருந்தாது. கெட்ட ஏழில் ஆறு, மறுநாள் காலை துடைப்பத்தில் தோன்றின. ஏழாவது, மிக்ஸி ஜாரை எடுக்க வெறுங்காலோடு நடந்த என் மாமியாரின் குதிகாலில்.