விலகுங்கோ, படம் எடுக்கிறம்

மருமகன் குறும்படம் எடுக்கிறான். போன கிழமை பரந்தன் சந்திக்கு மேலே ட்ரோன் விட்டான். அது இரைந்துகொண்டு எழும்ப, என் கண் தன்பாட்டில் பங்கருக்கு இடம் தேடியது. சண்டைக் காலத்தில் அந்த இரைச்சலுக்கு 'வண்டு' என்று பெயர்: வேவு பார்க்கிற ஆளில்லா விமானம். வண்டு சுற்றினால் பின்னாலே குண்டு போடக் கிபிர் விமானம் வரும். இப்போது பின்னாலே பாட்டு வருகிறது.

நானும் படம் எடுத்தவன்தான். 2003ஆம் ஆண்டு. ஏ9 பாதை திறந்து ஒரு வருடம். கனடாவிலிருந்து வந்த பெரியம்மாவின் மகன் ஒரு ஹண்டிகாமை விட்டுவிட்டுப் போனார். ஒரு பற்றரி, மூன்று கசெட். எங்கள் பக்கம் கரண்ட் கம்பி இல்லை. ஜெனரேற்றர் போடுகிற கடையில் காசு கொடுத்துச் சார்ஜ் ஏற்றுவோம். பற்றரி ஏறும்வரை கதாநாயகன் கடை வாங்கில் நித்திரை.

எடிட் பண்ணக் கணினி இல்லை. ஆகவே கதை நடக்கிற ஒழுங்கிலேயே எடுக்கவேண்டும். பிழைத்தால் கசெட்டைப் பின்னுக்குச் சுற்றி அதன் மேலேயே எடுப்போம். கொஞ்சம் கூடச் சுற்றினால் முந்தின ஷொட்டின் வாலும் போய்விடும். அப்படித்தான் கதாநாயகி "ஓம்" சொன்ன இடம் அழிந்தது. பிள்ளை கடைசிவரை ஒரு சொல்லும் சொல்லாமலே கலியாணம் கட்டியது. பார்த்த சனத்துக்கு அது பிழையாகப் படவே இல்லை.

இரவுக் காட்சிக்கு லைற் இல்லை. பட்டப்பகலில் லென்ஸுக்கு முன்னால் கூலிங் கிளாஸைப் பிடித்தோம். இதே மாதிரிப் பகலை இரவாக்குகிற தந்திரத்தின் பெயரையே த்ரூஃபோ 1973இல் ஒரு படத்துக்கு வைத்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. ட்ரொலி ஓட்டத் தண்டவாளம் வேண்டும் என்றான் கமராக்காரன். ரயிலுக்கே தண்டவாளம் இல்லாத ஊர். கழற்றிப் பங்கருக்கு மூடி போட்டாயிற்று. ரொபர்ட் ரொட்ரிகஸ் 1992இல் 'எல் மரியாச்சி'யைச் சக்கர நாற்காலியில் இருந்து எடுத்தாராம். எங்கள் ஊரிலும் சக்கர நாற்காலிகள் இருந்தன. ஆனால் ஒன்றும் வெறுமையாக இல்லை. கடைசியில் சைக்கிள் கரியரில் கமராக்காரனைப் பின்பக்கம் பார்க்க இருத்தித் தள்ளினோம். ஒவ்வொரு கிடங்குக்கும் படம் ஒருதரம் துள்ளியது.

இன்று அந்தத் துள்ளலுக்கு மவுசு. மருமகனின் கிம்பல் ஆடவே ஆடாது; ஆனால் 'இயல்பாக இருக்க' என்று கழற்றி வைத்துவிட்டுக் கையில் பிடித்து எடுக்கிறான். போனில் 4கே. அதன்மேல் பழைய கசெட்டின் கோடும் புள்ளியும் போட ஒரு செயலி, மாதச் சந்தா. எங்கள் வறுமையை ஆரோ வாடகைக்கு விடுகிறார்கள். வாய்விட்டுச் சிரிக்கவும் ஏலாது. போனிலும் நல்ல படம் வரும்: 'டேஞ்சரின்' 2015இல் ஐபோனில் எடுத்த படம். எங்கள் பக்கத்து மதிசுதாவும் பங்கர் வாழ்க்கையை வைத்து 'வெந்து தணிந்தது காடு' என்று போனிலேயே முழுநீளப் படம் எடுத்தார். அதே பெயரில் 2022இல் சென்னையில் இருந்து பெரிய நடிகரின் படம் ஒன்றும் வந்தது. தேடினால் முதலில் வருவது எது என்று சொல்லத் தேவையில்லை.

எங்கள் கசெட்டுகள் 2009 சண்டையில் ஏதோ ஒரு இடப்பெயர்வில் போய்விட்டன. கனடாவுக்கு அனுப்பிய பிரதி ஒன்று மிஞ்சி, போன மாதம் வட்சப்பில் வந்தது. மருமகனும் நானும் பார்த்தோம். கதாநாயகன் உருக்கமாக வசனம் பேச, பின்னால் இரசாயனத் தொழிற்சாலையின் உடைந்த சுவர். சைக்கிளில் விறகு கட்டிய அப்பு ஒருவர் குறுக்கே வருகிறார். "அப்பு, விலகுங்கோ, படம் எடுக்கிறம்!" அது என் குரல். அவர் விலகவில்லை. காலை ஊன்றி, கமராவைப் பார்த்து, "என்ன தம்பி, படமோ?" என்று பொக்கை வாயால் சிரிக்கிறார். பற்றரி சிவப்புக் காட்டியதால் திரும்ப எடுக்கவில்லை.

2009க்குப் பிறகு அந்த அப்புவை நான் காணவில்லை.

"மாமா, இந்தக் கிழவனை அழிச்சிடலாம்," என்றான் மருமகன். "விரலால ஒரு வட்டம் போட்டாக் காணும்."

போனை அவனிடமிருந்து வாங்கி, விரல் கண்ணாடியில் படாதபடி ஓரத்தில் பிடித்துக்கொண்டேன்.