சாமந்தியின் பட்டா வழக்கு

கண்ணில் பட்டதற்கெல்லாம் பேர் வைக்காவிட்டால் தாவரவியலாளர் கார்ல் லின்னேயஸுக்குச் சோறு இறங்காது. 1753-இல் வெளியிட்ட ‘ஸ்பீஷீஸ் பிளான்டேரம்’ நூலில், மத்தியதரைக் கடலோரத்து மஞ்சள் பூ, ஐரோப்பியப் புல்வெளியின் வெள்ளைப் பூ, கீழ்த்திசைச் சாமந்தி என்று சம்பந்தமில்லாதவர்களை ‘கிரிசாந்திமம்’ என்ற ஒரே பேரினத்தில் குடிவைத்தார். சீனர்கள் காலங்காலமாக வளர்த்துக் குடித்துக் கவிபாடிய பூ சாமந்தி. சீனாப் பக்கமே போகாத மனிதர் அதில் ஒன்றுக்கு ‘இண்டிகம்’ என்று முத்திரை குத்தினார். கேட்பாரில்லை.

கூட்டுக் குடும்பம் என்றால் பாகப்பிரிவினை வராமலா போகும்? வெள்ளைப் பூ ‘லூகாந்திமம்’ என்று தனிக்குடித்தனம் போனது. பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட பைரித்திரம், அதான் கொசுவர்த்திச் செடி, ‘டானசீட்டம்’ என்ற பேரினத்தோடு போய்ச் சேர்ந்தது. அதுவரை சுமுகம்தான்.

1961-இல் சோவியத் தாவரவியலாளர் நிக்கோலாய் ஸ்வெலேவ் சாமந்தியையும் பிரித்து ‘டென்ட்ராந்திமா’வில் சேர்த்தார். இங்கேதான் விதி சிரித்தது. பேரினம் உடைந்தால், வகைமாதிரியாகக் குறித்த இனம் எந்தப் பக்கமோ, பழைய பேரும் அந்தப் பக்கம். லின்னேயஸ் அப்படி எதையும் குறிக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் குறித்தது ‘கொரோனேரியம்’ என்ற மத்தியதரைக் கடல் மஞ்சள் பூவை. ஜப்பானியர் அதைக் கீரையாகச் சாப்பிடுகிறார்கள். ஆக, கீரைக்குப் பட்டா; உலகமே காசு கொடுத்து வாங்கும் பூவுக்கு நடுத்தெரு.

பூ வளர்ப்போர் கொதித்தார்கள். சங்கத்தின் பேரிலேயே கிரிசாந்திமம் இருக்கிறது, பலகையை அழித்து எழுதுவதா? விஞ்ஞானத்தில் ஸ்வெலேவ் பக்கம் நியாயம் இருந்தது என்பது என் கட்சி. ஆனால் நியாயம் பூக்கடையில் விலைபோகாது. வகைமாதிரியையே மாற்றிவிடுங்கள் என்று 1995-இல் மனுப் போட்டார்கள். செயின்ட் லூயிஸில் 1999-இல் கூடிய தாவரவியல் மாநாட்டோடு தீர்ப்பும் ஆனது: இனி வகைமாதிரி ‘இண்டிகம்’. சாமந்திக்குப் பேர் திரும்பியது.

வெளியேற்றப்பட்ட கீரைக்குப் பழைய பெட்டியிலிருந்து ஒரு பேர் எடுத்தார்கள்: ‘கிளிபியோனிஸ்’. 1826-இல் வைத்தவர் ஆன்ரி கசீனி. வானியலாளர் பரம்பரையில் பிறந்து, நீதிமன்ற வேலைக்கு நடுவே பூக்களை ஆராய்ந்தவர்.

கீரைக்கடைக்கு மட்டும் தீர்ப்பு நகல் போய்ச் சேரவில்லை. அங்கே இன்றும் அது ‘கிரிசாந்திமம் கீரை’தான்.