ரெட்டை சிம் மாமா

நியூ ஜெர்சியின் எடிசனில் மகள் வீட்டுக்கு வந்து இறங்கும் மாமாக்களில் ஒரு தனி ரகம் உண்டு. ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் மாம்பலத்தில். பருப்புப்பொடியும் நார்த்தங்காயும் பெட்டியில் போகும். இந்திய சிம் மட்டும் விபூதிப் பொட்டலத்தோடு சட்டைப் பையில் வரும். அமெரிக்கா வந்ததும் பழைய போனில் ஏறும்.

அந்த எண்ணில் அவர் யாரோடும் பேசுவதில்லை. ரோமிங்கில் எடுத்தாலே காசு. பழைய ஆபீஸ் நண்பர் யாராவது விவரம் தெரியாமல் கூப்பிட்டால், "அடிக்கட்டும், தொடாதே" என்று மாமியைத் தடுத்து, மணி ஓயும்வரை காத்திருந்து, வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு "என்ன, கூப்பிட்டேளா?" என்பார். பிறகெதற்கு அந்த எண்? ஓடிபிக்கு. வங்கி, ஆதார், காஸ் சிலிண்டர் எல்லாம் அதில்தான் தொங்குகின்றன.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகள் அவருக்கு மனப்பாடம். 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால்தான் எண்ணைத் துண்டிக்கலாம். 20 ரூபாய் இருப்பிருந்தால் அதைக் கழித்துக்கொண்டு இன்னும் 30 நாள் விட்டுவைப்பார்கள். "எண் இருந்து என்ன, பேக் தீர்ந்தா ஓடிபி வராதே!" 28 நாள் பேக் என்றாலே அவருக்கு ஆகாது. "அமாவாசைகூட இருபத்தொன்பது, முப்பது நாளைக்கு ஒருதரம்தான் வரது. இவாளுக்கு வருஷத்துக்குப் பதிமூணு மாசம்!"

டேட்டா இல்லாத பேக்கும் தந்தாக வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவு போட்டது. அடுத்த மாதமே ஏர்டெல் 1849 ரூபாய்க்கு 365 நாளும், ஜியோ 1748 ரூபாய்க்கு 336 நாளும் அறிவித்தன. ஜியோவில் 101 ரூபாய் மிச்சம் என்றார் மாப்பிள்ளை, பாவம். "நாளைக்கு அஞ்சு ரூபா ஏழு காசு எங்கே, அஞ்சு ரூபா இருபது காசு எங்கே? பொங்கலன்னிக்குப் போட்டா மார்கழி பொறக்கறச்சே தீர்ந்துடும்!"

அதே மாப்பிள்ளை அமெரிக்க எண்ணுக்காகத் தன் குடும்ப பிளானில் சேர்த்துவிடுவதாகச் சொன்னபோதும் மாமா மசியவில்லை. சம்பந்தி காதுக்குப் போனால் என்ன ஆகும்? மூன்று மாதத்துக்கு 45 டாலர் முன்பணம் கட்டி மின்ட் மொபைல் வாங்கிக்கொண்டார். கனடாவுக்கும் மெக்ஸிகோவுக்கும் இலவசமாகப் பேசலாம். அவருக்கு மனுஷாள் இருப்பதெல்லாம் கும்பகோணத்தில்.

சோதனை, மகள் கொடுத்த ஐபோன் 14 ரூபத்தில் வந்தது. மாமா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மாமியிடம் ஊக்கு வாங்கி, போனின் நாலு விளிம்பையும் தடவித் தடவி ஓட்டை தேடினார். அமெரிக்காவில் விற்ற அந்த மாடலில் சிம் போடும் தட்டே கிடையாது.

"ஈ-சிம்மா மாத்திக்கோப்பா, அஞ்சு நிமிஷ வேலை."

"மாத்தறச்சே ஓடிபி வருமே, அது எந்த போன்ல வரும்?"

மகள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். மாப்பிள்ளைக்குத் திடீரென்று ஒரு மீட்டிங் வந்துவிட்டது.