ஃப்ரீசரில் ஒரு மேலாளர்

இங்கிலாந்தில் ஒரு சூனியக்காரியை நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர் நள்ளிரவில் கல்லறைத் தோட்டத்தில் நின்று நடுங்க வேண்டாம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஊருக்கு வெளியே இருக்கும் செடிக்கடைக்குப் போனால் போதும். மூலிகைத் தொட்டிகளுக்கு நடுவே ஓர் அம்மையார் குனிந்து நின்று, ஒவ்வொரு ரோஸ்மேரிச் செடியிடமும் தனித்தனியாக ஏதோ விசாரித்துக்கொண்டிருப்பார். பதில் சொன்ன செடியை வாங்குவார். வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். கூம்புத் தொப்பி கிடையாது. மழைக்குத் தாங்கும் காலணி, முழங்கால் வரை தொங்கும் கம்பளிச் சட்டை, கழுத்துச் சங்கிலியில் வட்டத்துக்குள் ஐந்து முனை நட்சத்திரம். கல்லாவுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தி, "மூணு எடுத்தா ரெண்டுக்குத்தானே விலை?" என்று உறுதிசெய்துகொள்வார்.

இவர் தனி ஆள் இல்லை. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் பற்றிய கேள்விக்குப் பதில் எழுதியே தீரவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அப்படியிருந்தும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 74,000 பேர் வலியப் போய்த் தங்கள் மதம், இயற்கையை வழிபடும் 'பேகன்' என்று எழுதினார்கள். இன்னும் சுமார் 13,000 பேர் நவீன சூனிய மதமான 'விக்கா' என்றே எழுதினார்கள். முன்னூறு, நானூறு ஆண்டுகளுக்கு முன்பு இதே ஊர்களில் தூக்குமேடைக்கு அனுப்பப் போதுமான வாக்குமூலம் அது. இன்று அதைப் பூர்த்திசெய்து, கையோடு ஒரு பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறார்கள்.

அம்மையாரின் சமயம் இருப்பது அடுப்படியில். காலையில் தேநீர் கலக்கும்போதே வழிபாடு தொடங்கிவிடும். கரண்டியை வலஞ்சுழியாகச் சுற்றினால் வேண்டியது வந்து சேரும். இடஞ்சுழியாகச் சுற்றினால் வேண்டாதது விலகிப் போகும். சம்பள உயர்வுக்கு வலம், மூட்டுவலிக்கு இடம். சம்பளம் உயரவும் வேண்டும், மூட்டுவலி போகவும் வேண்டும் என்கிற திங்கட்கிழமைகளில் இரண்டு கோப்பை தேநீர் தேவைப்படும். யாராவது கரண்டியை இப்படியும் அப்படியுமாக ஆட்டிக் கலக்குவதைப் பார்த்தால் அவருக்குப் பதறும். என்ன கேட்கிறோம் என்றே தெரியாமல் கேட்கிறார்களே!

வாசற்கதவுக்குப் பின்னால் பிர்ச் குச்சிகளைச் சேர்த்துக் கட்டிய துடைப்பம் ஒன்று சாத்தியிருக்கும். அதைக் கொண்டு தரையைப் பெருக்கக் கூடாது. தரைக்கு இரண்டு விரற்கடை மேலே பிடித்து, வீட்டில் தேங்கிவிட்ட சச்சரவு, சலிப்பு, போன வாரம் வந்துபோன மாமியாரின் கருத்துகள் ஆகியவற்றை வாசலுக்கு வெளியே தள்ளுவதற்காக அது. குப்பைக்கு வாக்குவம் கிளீனர் இருக்கிறது. முதலில் கருத்துகள், பிறகு குப்பை. வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்று கணவர் ஒருமுறை கேட்டார். அம்மையார் அந்தக் கேள்வியையும் சேர்த்தே பெருக்கித் தள்ளிவிட்டார்.

இந்தக் கணவர் தனிப் பிறவி. வீடுகளில் பாய்லர் பழுதுபார்க்கிறவர். எதையும் நம்புவதில்லை, எதையும் மறுப்பதுமில்லை. சாம்பிராணி புகையும் நாள்களில் மாலை ஏழு மணிக்கு நாற்காலி போட்டு ஏறி, கூரையில் இருக்கும் புகை எச்சரிக்கை மணியின் பேட்டரியைக் கழற்றுவதும், பூசை முடிந்ததும் திரும்ப மாட்டுவதும் அவருடைய மதக் கடமை. ஒரே ஒரு முறைதான் தவறு செய்தார். மனைவியிடம் 'அதாமே' என்ற கறுப்புப் பிடிக் கத்தி உண்டு. இருபுறமும் கூர் தீட்டியது. ஆனால் எதையும் வெட்டக் கூடாது. காற்றில் வட்டம் கீறுவதோடு அதன் வேலை முடிந்தது. மூலிகை நறுக்க வெள்ளைப் பிடி போட்ட கத்தி வேறாக இருக்கிறது. தபாலில் வந்த பெட்டியின் ஒட்டுநாடாவை அறுக்க அவசரத்தில் அவர் கைக்கு அகப்பட்டது கறுப்புப் பிடி. அன்று மாலை கத்திக்கு உப்பு, தண்ணீர், தீபம், தூபம் நான்கும் காட்டிப் புனிதம் மீட்கப்பட்டது. கணவருக்கு எதுவும் காட்டப்படவில்லை, சாப்பாடு உட்பட.

பௌர்ணமி இரவில் வரவேற்பறையே கோயில். வட்டம் ஒன்பது அடி விட்டத்தில் அமையவேண்டும் என்பது மரபு. ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீட்டில் அறை இருக்கும் அளவுக்கு, வழிபாட்டின் முதல் அங்கம் சோபா நகர்த்துதல் என்றாகிறது. பிறகு கைப்பேசித் திசைகாட்டியைப் பார்த்துக் கிழக்கில் காற்று, தெற்கில் நெருப்பு, மேற்கில் தண்ணீர், வடக்கில் நிலம் என்று பூதங்களை அழைத்து அமர்த்துவார். தெற்குச் சுவரில் ரேடியேட்டர் அமைந்தது தெய்வச்செயல். வட்டம் போட்டபின் யாரும் சும்மா உள்ளே வரவோ வெளியே போகவோ முடியாது. கத்தியால் காற்றில் வாசல் வெட்டவேண்டும், போனபின் அதை மூடவேண்டும். கால்பந்து நடக்கும் இரவில் ரிமோட்டைத் தேடும் கணவருக்காக மூன்று வாசல் வெட்டியதுண்டு. பூனைக்கு மட்டும் விலக்கு: விலங்குகளும் சிறு குழந்தைகளும் நடமாடினால் வட்டம் கலையாதாம். பூனை வளர்த்த யாரோதான் அந்த விதியை எழுதியிருக்க வேண்டும்.

விதிகளில் இப்படிப்பட்ட இரக்கம் நிறையவே உண்டு. பச்சை மெழுகுவத்தி இல்லையா, வெள்ளை ஏற்றலாம். கேட்ட மூலிகை கிடைக்கவில்லையா, ரோஸ்மேரி போடலாம். வானம் மூடியிருக்கிறதா, மேகத்துக்குப் பின்னால் இருக்கும் நிலவும் நிலவுதான். இந்தக் கடைசி விதி இல்லாவிட்டால் இங்கிலாந்தில் இந்த மதம் ஒரு வருஷம்கூடத் தாக்குப்பிடித்திருக்காது. ஜன்னல் ஓரம் ஜாடியில் நிலவொளி பிடித்த தண்ணீர் மறுநாள் குளிர்சாதனப் பெட்டிக்குள் பால் பக்கத்தில் போய் உட்காரும், 'குடிக்காதே' என்ற சீட்டோடு.

இந்த ஏற்பாடெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அம்மையார் முகம் மலர்ந்து ஜெரால்ட் கார்ட்னரிடம் தொடங்குவார். 1884இல் லங்காஷயரில் பிறந்தவர். 1900இல் இலங்கைக்குப் போய்த் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தார். பிறகு போர்னியோ, மலாயா என்று ரப்பர்த் தோட்டங்கள். கடைசியில் மலாயாவில் சுங்க அதிகாரி. 1936இல் ஓய்வு பெற்றார். மலாய் மக்களின் கிரீஸ் கத்திகளைப் பற்றி அவர் எழுதிய நூல் வந்ததும் அதே ஆண்டில். கத்திமேல் காதல், நிர்வாணக் குளியல் சங்கங்களில் ஈடுபாடு, சுங்க இலாகாவின் ஒழுங்கு ஆகிய மூன்றும் கூடிய ஒரு மனிதர் மதம் ஒன்றுக்கு வழிவகுத்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இது இருக்கிறது.

1939இல் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் பழைய சூனியக் கூட்டம் ஒன்று தம்மைச் சேர்த்துக்கொண்டதாக கார்ட்னர் சொன்னார். 1940இல் அவர்கள் காட்டில் கூடி, ஹிட்லர் கடலைக் கடக்கக் கூடாது என்று மந்திரம் ஏவியதாகவும் சொன்னார். ஹிட்லரும் கடக்கவில்லை, விமானப் படையும் தன் பங்குக்குக் கொஞ்சம் உதவியது. 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951இல் ரத்தாயிற்று. 1954இல் 'விட்ச்கிராஃப்ட் டுடே' என்ற நூலை எழுதி அவர் விஷயத்தை ஊரறியச் செய்தார். சடங்குகளை உடையில்லாமல் நடத்தவேண்டும் என்பது அவர் வகுத்த முறை. மலாயாவுக்கு நல்ல முறைதான். பிப்ரவரி முதல் தேதி, இம்போல்க் திருநாளன்று, யார்க்ஷயரில் ஒரு கொல்லைப்புறத்தில் நின்று பார்த்தால் தெரியும். நம் அம்மையார் நீண்ட அங்கி அணிவார். அங்கிக்குள் கம்பளி உள்ளாடை, அதற்குள் வெந்நீர்ப் பை. தேவி கோபித்துக்கொள்ளவில்லை.

கார்ட்னரை மதித்தாலும் அம்மையாருக்குப் பிடித்தவர் டோரீன் வாலியன்ட்தான். 1953இல் கார்ட்னரிடம் தீட்சை பெற்று, அவருடைய சடங்கு நூலைத் தட்டிக்கொட்டிக் கவித்துவம் ஏற்றியவர். நவீன சூனியத்தின் தாய் என்று போற்றப்படுகிற அந்தப் பெண்மணி பிரைட்டனில் நகராட்சி அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்ந்தார். 2013இல் அந்தக் கட்டடத்தில் அவர் பெயரில் நீல நினைவுப் பலகை பதித்தார்கள். துடைப்பத்தில் பறந்து போகவில்லை, லிஃப்டில் ஏறித்தான் வீட்டுக்குப் போனார் என்பதில் அம்மையாருக்குத் தனிப் பெருமை.

ஆதிகாலத்திலிருந்து அறுபடாமல் வந்த மதமா இது என்று மடக்கப் பார்த்தால் அவர் அசரமாட்டார். பிரிஸ்டல் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன் 1999இல் வெளியிட்ட 'தி ட்ரையம்ஃப் ஆஃப் தி மூன்' அவருடைய அலமாரியிலேயே இருக்கிறது, பென்சில் கோடுகளோடு. விக்கா இருபதாம் நூற்றாண்டில் உருவானது என்பதை ஆதாரங்களோடு காட்டிய நூல் அது. ஆண்டின் எட்டுத் திருநாள்களும் இன்றைய வரிசையில் அமைந்தது 1950களில்; இலையுதிர்காலத் திருநாளுக்கு மேபன் என்ற பெயரை ஓர் அமெரிக்கர் வைத்தது 1970களில். எல்லாம் அவருக்குத் தெரியும். "என் மதத்துக்கு என் அம்மா வயசுதான் ஆகுது. அதுக்காக அம்மாவை மதிக்காம இருக்கமுடியுமா?" என்பார்.

இந்த அம்மாவுக்குப் பகலில் நகராட்சி அலுவலகத்தில் வீட்டு வரிப் பிரிவில் வேலை. அங்கே அவருக்கு ஒரு மேலாளர். பத்து நிமிஷத்தில் முடியும் விஷயத்துக்கு இரண்டு மணி நேரம் கூட்டம் போடுகிறவர். யாருக்கும் தீங்கு செய்யாதே என்பது விக்காவின் அடிப்படை நெறி. செய்தது மும்மடங்காகத் திரும்பி வரும் என்பது அதன் காவல்காரன். சபிக்க வழியில்லை. ஆனால் வம்பு பேசும் வாயைக் கட்ட மென்மையான முறை ஒன்று புழக்கத்தில் உண்டு: பெயரைக் காகிதத்தில் எழுதி, தண்ணீரில் போட்டு, ஃப்ரீசரில் உறையவைப்பது. பட்டாணிப் பொட்டலத்துக்கும் மீன் துண்டுகளுக்கும் நடுவே மேலாளர் ஒரு பழைய தயிர் டப்பாவில் குடியேறினார். வியாழக்கிழமை அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கூட்டம் ரத்து. அலுவலகமே மகிழ்ந்தது; அம்மையாருக்கு மட்டும் தூக்கம் போயிற்று. மும்மடங்கு! அன்றிரவே மேலாளரை ஃப்ரீசரிலிருந்து எடுத்துக் கீழ்த்தட்டில் கேரட்டுகளோடு வைத்தார். கொஞ்சம் கொஞ்சமாக இளகட்டும் என்று எண்ணம். வெள்ளிக்கிழமை மேலாளருக்குக் குரல் திரும்பியது. விட்டுப்போனதைச் சேர்த்து நான்கு மணி நேரம் கூட்டம் நடந்தது.

இதில் மந்திரம் எவ்வளவு, குளிர்கால ஜலதோஷம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அவர் மெனக்கெடுவதில்லை. மகளுக்கு வேலை கிடைக்க மெழுகுவத்தியில் பெயர் கீறி எண்ணெய் தடவி ஏற்றுவார். அது எரிந்து முடிவதற்குள் மகள் விண்ணப்பத்தை அனுப்பியாக வேண்டும். முயற்சி இல்லாமல் எந்தத் தேவியும் வேலையைக் கூட்டித் தரமாட்டாள் என்பது அவர் கட்சி. சூப்பில் தைம் இலை கிள்ளிப் போடும்போது யாருக்குத் தைரியம் வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போடுவார். படுக்கை விரிக்கும்போது யார் தூங்கவில்லை என்று நினைப்பார். கழுவுவதும் துடைப்பதும் சமைப்பதும் அவருக்கும் எல்லாரையும் போலவே உண்டு. அந்தச் சலிப்பான வேலைகளுக்கு ஆளுக்கொரு பெயரும் காரணமும் கொடுத்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான். கற்றுக்கொடுக்கப் பாட்டி இல்லாத வீட்டில் பிறந்தவர். பாட்டியைப் புத்தகக் கடையில் வாங்கினார்.

ஊரும் அவரோடு பழகிவிட்டது. தேவாலயச் சந்தைக்கு அவர் செய்து தரும் ரொட்டிதான் முதலில் விற்றுத் தீரும். ஆகஸ்ட் முதல் தேதி லாமஸ் திருநாள் ரொட்டியில் மிச்சம் என்று பாதிரியாருக்கும் தெரியும். வெண்ணெய் தடவிக்கொண்டு பேசாமல் சாப்பிடுவார். மகள் கல்யாணத்தன்று மழை பெய்யாமல் பார்த்துக்கொள்ள முடியுமா என்று பக்கத்து வீட்டார் மதிலுக்கு அப்பாலிருந்து கேட்பார்கள். வானிலை தம் துறை இல்லை என்பார்; ஆனாலும் அன்று காலைத் தேநீரை இடஞ்சுழியாகவே கலக்குவார்.

ஆண்டில் ஒரே ஒரு நாள்தான் ஊரோடு அவருக்கு ஒத்துவராது: அக்டோபர் 31, சாவின். இறந்தவர்களை நினைக்கும் இரவு, எட்டில் முதன்மையான திருநாள். மேசையில் மறைந்தவர்களுக்கு ஒரு தட்டு வைத்து, யாரும் பேசாமல் சாப்பிடவேண்டும். ஆனால் அதுவே ஹாலோவீன். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அழைப்பு மணி. ஒவ்வொரு முறையும் எழுந்து, காற்றில் வாசல் வெட்டி, மிட்டாய்க் கிண்ணத்தோடு கதவைத் திறக்கிறார். கறுப்புத் தொப்பி, பச்சை மூக்கு, பிளாஸ்டிக் துடைப்பம் என்று வரிசையாகச் சூனியக்காரிகள். போன வருஷம் ஏழு வயதுக் குட்டிச் சூனியக்காரி ஒருத்தி இவரை மேலும் கீழும் பார்த்து, "எல்லாரும் போட்டிருக்காங்க, உங்க வேஷம் எங்கே?" என்று கண்டிப்பாகக் கேட்டாள்.

அம்மையார் யோசித்துப் பார்த்து, அலுவலகத்திலிருந்து வந்தபின் கழற்ற மறந்த நகராட்சி அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"இதோ, இதுதான். தினமும் ஒன்பது மணிக்குப் போட்டுக்கிறேன்."