பாய்மர உச்சியிலிருந்து ஒரு குண்டு

பூமி சுற்றுகிறது என்று 1543இல் புத்தகம் போட்ட கையோடு கோப்பர்நிகஸ் காலமாகிவிட்டார். விவரமான மனிதர். கேள்விகள் வந்தபோது பதில் சொல்ல ஆள் இல்லை.

கேள்விகள் என்னவோ நியாயமானவைதான். பூமி கிழக்கே ஓடுகிறதென்றால், கோபுர உச்சியிலிருந்து போட்ட கல் ஏன் மேற்கே தள்ளி விழுவதில்லை? இரை தேடப் பறந்த காக்கை அதே மரத்துக்கு எப்படித் திரும்பி வருகிறது? தெற்கு பிரான்சில் பூமிப்பரப்பின் வேகம் மணிக்குச் சுமார் 1,200 கிலோமீட்டர். கல் விழும் இரண்டு நொடிக்குள் கோபுரம் அரை கிலோமீட்டருக்கு மேல் போயிருக்க வேண்டுமே!

“சந்தேகமிருந்தால் கப்பலைப் பாருங்கள், ஓடும் கப்பலின் பாய்மர உச்சியிலிருந்து கல்லைப் போட்டால் பின்னால்தான் விழும்” என்று அரிஸ்டாட்டில் கட்சியினர் அடித்துச் சொன்னார்கள். சொன்னவர்களில் எத்தனை பேர் கப்பலேறினார்கள் என்பது வேறு விஷயம். கலிலியோ 1632இல் எழுதிய உரையாடல் நூலில் சிம்ப்ளிசியோ என்ற அரிஸ்டாட்டில் பக்தரை மடக்கி, நீ செய்து பார்த்தாயா என்று இன்னொரு பாத்திரத்தைக் கேட்க வைக்கிறார். சிம்ப்ளிசியோ இல்லை என்கிறார். கேட்டவராவது செய்தாரா? அதுவும் இல்லை. செய்யாமலே தனக்கு விடை தெரியுமாம்! மறு வருடம் ரோமாபுரி கலிலியோவை வீட்டுக்காவலில் வைத்தது. அதற்குக் காரணம் இந்தத் தெனாவெட்டு அல்ல என்றாலும், உதவியிருக்காது.

கடைசியில் கப்பலேறியவர் ஒரு பாதிரியார். பெயர் பியேர் கசாந்தி, வருடம் 1640, இடம் மார்சேய் துறைமுகம். புரோவான்ஸ் கவர்னர் பெரிய மனசு பண்ணித் துடுப்புக் கப்பல் கொடுத்தார். அந்தக் காலத்து அவ்வகைக் கப்பல்களில் துடுப்பு வலித்தவர்கள் கைதிகளும் அடிமைகளும். தத்துவம் முன்னேற வேண்டுமென்று அவர்கள் முதுகு ஒடிய வலித்தார்கள். உச்சியிலிருந்து குண்டு விழுந்தது, நேராகப் பாய்மரத்தின் காலடியில். கையை விட்டுப் பிரியும்போதே கப்பலின் வேகம் குண்டுக்கும் இருந்தது. விட்ட பிறகு அதைப் பிடுங்கிக்கொள்ள யாருமில்லை. கப்பலில் நின்றவருக்கு அது செங்குத்தாக இறங்கியது, கரையில் நின்றவருக்கு வளைந்து வந்தது. இருவரும் சொல்வது சரி. துடுப்பு வலித்தவர்களை முதலிலேயே கேட்டிருந்தால், மேலிருந்து நழுவிய சாமான் யார் தலையில் விழும் என்று ஓசியில் சொல்லியிருப்பார்கள்.

உண்மையில், வேகத்தைப் பிடுங்க ஒருவன் இருக்கிறான்: காற்று. கனமான குண்டிடம் அந்தச் சில நொடியில் அவன் பெரிதாக எதையும் பறிக்க முடியாது. கசாந்தி ஒரு கோழி இறகை விட்டிருந்தால் அது கப்பலுக்குப் பின்னால் கடலில் போய் விழுந்திருக்கும். அரிஸ்டாட்டில் கட்சி வெடி வெடித்திருக்கும். காக்கைக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை. பூமியோடு காற்றும் சேர்ந்தே சுற்றுகிறது.

கசாந்தி கப்பலேறுவதற்குச் சில வருடம் முன்பு ஒரு துறவி, மேர்சென், இன்னும் துணிச்சலாக இறங்கினார். கோட்டைக் காரியங்கள் பார்க்கும் பெத்தி என்ற நண்பரைச் சேர்த்துக்கொண்டு பீரங்கியை வானத்துக்கு நேராக நிமிர்த்திச் சுட்டார். சுட்டுவிட்டுப் பக்கத்தில் நின்று காத்திருப்பதுதான் திட்டம். குண்டு கிடைக்கவே இல்லை. குழாய் ஒரு டிகிரி சாய்ந்தாலே குண்டு எங்கோ போய் விழும். மேலே காற்று தள்ளும். போதாக்குறைக்கு, அவ்வளவு உயரம் போய் வருவது பூமியின் சுழற்சியால் மேற்கே சற்று விலகித்தான் விழும் (பழைய கட்சிக்கு ஆறுதல் பரிசு). இப்படியெல்லாம் யோசிக்காமல், சுட்ட வேகத்தில் குண்டு எடையையே இழந்து மேலேயே தங்கிவிட்டிருக்கலாம் என்று கருத்துச் சொன்னார் ஒரு மேதை. சாட்சாத் தெகார்த்.

1690இல் வரின்யோன் என்ற கணித அறிஞர் இந்தக் காட்சியைத் தம் புத்தகத்தின் முகப்புப் படமாகப் போட்டார். நிமிர்ந்த பீரங்கி, ஒரு துறவி, ஒரு படைவீரர். இருவரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். திரும்பி விழுமா என்று படத்திலேயே எழுதியிருக்கிறது. சுட்டு அரை நூற்றாண்டு ஆகியும் குண்டுக்கு முகவரி இல்லை.