போர் போடாத ஊரிலிருந்து ஒரு கடுதாசி

புரூயி மலை அடிவாரம், பிரான்ஸ்
செப்டம்பர் 4

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் அவளும் பிள்ளையும் சௌக்கியம். அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? கடலைக்கு மழை கிடைத்ததா?

போனில் நீங்கள், "ஒயின் ஊர்ல குடியிருக்கியாமே, குழாயைத் திறந்தா அதுதான் வருதா?" என்று கேட்டபோது அவள் பக்கத்திலேயே நின்றாள். அதனால் பதில் சொல்லாமல் சிரித்து வைத்தேன். குழாயில் தண்ணீர்தான் வருகிறது, மாமா. அதையும் போன மாதம் காருக்கு ஊற்றாதே, புல்லுக்கு ஊற்றாதே என்று இங்கத்திய கலெக்டர் உத்தரவு போட்டுவிட்டார்.

இந்தச் சீமைக்குப் போஜோலே என்று பெயர். லியோன் நகரத்துக்கு வடக்கே இருக்கிறது. நகரத்து வாடகை கட்டினால் சம்பளத்தில் ஒன்றும் மிஞ்சாது என்று இங்கே வந்தோம். எங்கு பார்த்தாலும் திராட்சைக் கொல்லை. கம்பத்தில் பார்த்தோமே, அந்த மாதிரிப் பந்தல் கிடையாது. முழங்கால் உயரத்துக்கு ஒரு முண்டு, அதன் தலையில் நாலைந்து கொப்பு, கொப்பில் காய். காமே என்று ஒரு ரகம். மட்டமான ரகம், பிடுங்கி எறியுங்கள் என்று 1395-ல் பர்கண்டிச் சீமைப் பிரபு உத்தரவு போட்டாராம். அங்கே விரட்டினார்கள், இங்கே தழைத்துவிட்டது. மண் உங்களுக்குப் பழகிய மண்தான். நார்த்தாமலைப் பக்கத்தில் இருக்குமே, கருங்கல் உதிர்ந்த பொடிமண், அதேதான்.

இனி எழுதப்போவதை உட்கார்ந்துகொண்டு படியுங்கள். இங்கே கொல்லைக்கு யாரும் போர் போடுவதில்லை. ஊர்ப் பெயரைச் சொல்லி விற்கிற ஒயின் என்றால், தனி அனுமதி வாங்காமல் கொடிக்குத் தண்ணீர் பாய்ச்சக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. பாறை இடுக்கில் வேரை இறக்கி அதுவே தேடிக் குடிக்கணும். எங்கள் வீட்டுக்காரருக்கும் கொல்லை உண்டு. அவரிடம், எங்கள் மாமா மூன்றாவது போர் எண்ணூறு அடி போட்டும் புகைதான் பறந்தது என்றேன். மூன்றாவது எதற்குப் போட்டார் என்று கேட்டார். முதல் இரண்டிலும் வராததால் என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

நமக்கு மழை வேண்டுமென்றால் கொடும்பாவி கட்டி இழுப்போம், கழுதைக்குக் கல்யாணம் பண்ணுவோம். இவர்களுக்கு இந்த நேரத்தில் மேகம் கறுத்தாலே வயிற்றைக் கலக்கும். பத்து நிமிஷம் கல்மழை விழுந்தால் வருஷப் பாடு போச்சு. 1900 வாக்கில் இந்தப் பக்கத்து ஊர்களில் மேகத்தைப் பார்த்துப் பீரங்கி சுட்டிருக்கிறார்கள்! குண்டெல்லாம் கிடையாது, அகன்ற வாயால் ஆகாயத்தைப் பார்த்து வெறும் சத்தம்தான். மேகம் பயந்ததாகத் தெரியவில்லை.

ஆகஸ்ட் முழுக்க ஊர் அடங்கிக் கிடந்தது. ரொட்டிக் கடைக்காரர் பூட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விட்டார். 35 டிகிரி தாண்டினால் டிவியில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை. நம்ம ஊர் சித்திரையைப் பார்த்தவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் 2003 வெயிலில் இந்த நாட்டில் 15,000 பேர் வரை செத்துப்போனார்கள், முக்கால்வாசி வயசானவர்கள். வீடெல்லாம் குளிருக்குக் கட்டியது; மின்விசிறி மாட்டக் கொக்கிகூட இல்லை. நாங்களும் காலையிலேயே மரக்கதவுகளைச் சாத்திக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தோம்.

ஆகஸ்ட் கடைசியில் ஊர் முழித்துக்கொண்டது. வீட்டுக்காரர் தினமும் கொல்லையில் நாலைந்து பழம் பிய்த்து நசுக்கி, விரல் நீளக் குழல் ஒன்றின் கண்ணாடியில் சொட்டு விட்டு, வெயிலுக்கு நேரே பிடித்து சர்க்கரை எவ்வளவு என்று பார்ப்பார். ஒரு நாள் "திங்கட்கிழமை" என்றார். அவ்வளவுதான், தெருவெல்லாம் டிராக்டர்.

இங்கே கையால்தான் வெட்டணும். குலை முழுசாகத் தொட்டிக்குள் போனால்தான் பழம் தோலுக்குள்ளேயே நொதிக்கத் தொடங்கும். இந்தப் பக்கத்து ஒயினின் வாசனையே அதில்தான் இருக்கிறதாம். மெஷின் என்றால் பழத்தை உதிர்த்துவிடும். வெட்டத்தான் ஆள் இல்லை. போலந்து, ருமேனியா என்று வேன் வைத்துக் கூட்டி வருகிறார்கள். "இப்போ உள்ள பிள்ளைங்களுக்கு முதுகு வளையாது" என்று வீட்டுக்காரர் புலம்பியபோது எனக்கு உங்கள் ஞாபகம்தான். நூறு நாள் வேலையைத் திட்டவில்லை, மற்றபடி அதே வசனம்.

புலம்பி முடித்துவிட்டு என்னிடம் ஒரு கத்திரியை நீட்டினார். கடலை ஆயாமல் தப்பிக்கத்தானே நான் இன்ஜினீயரிங் சேர்ந்தேன்! கூலி மணிக்கு 11 யூரோவுக்கு மேல் கொடுக்கணும் என்பது சட்டம். அதை நூறால் பெருக்கிவிட்டு அத்தையிடம் சொல்லாதீர்கள்; இங்கே கொத்தமல்லி என்ன விலை என்று தெரியாமல் அத்தை கனவு காணும்.

கடலையையாவது உட்கார்ந்து ஆயலாம். இந்தச் செடி உட்கார்ந்தால் எட்டாது, நின்றால் முதுகு ஒடியும். இடது கை இலைக்குள் குலையைத் தேடும். வலது கையில் இருக்கிற கத்திரிக்குக் குலை எது, விரல் எது என்று தெரியாது. அதனால் கொல்லையில் பாதிப் பேருக்கு இடது கையில் பிளாஸ்திரி. சாறு பட்டு விரல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அதைத் தேடிக் குளவி வரும். அடுத்த வரிசையில் எழுபது வயசுப் பாட்டி ஒருத்தி. தன் வரிசையை முடித்துவிட்டு, என் வரிசையின் மறுமுனையிலிருந்து வெட்டிக்கொண்டே எதிரே வந்தாள். பார்த்துச் சிரித்தாள். பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். நல்லவேளை, எனக்கு அவ்வளவு பிரெஞ்சு வராது.

ஒன்பது மணிக்கு, நம்ம நடவுக்காரர்களுக்குக் கஞ்சி வருகிற நேரத்தில், இவர்களுக்கு ரொட்டி, பன்றிக்கறி, பாலாடைக்கட்டி, கூடவே ஒயின். நான் தயிர்சாத டப்பாவைத் திறந்தேன். தொட்டுக்கொள்ள அவள் போட்ட திராட்சை ஊறுகாய். பிந்திப் பூத்த சின்னக் குலைகள் பழுக்காமல் நின்றுவிடும், அவற்றை யாரும் வெட்டுவதில்லை. பல் கூசுகிற புளிப்பு. அதைப் பறித்து வந்து, நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், பெருங்காயம் தாளித்து, அத்தை அரைத்துக் கொடுத்த மிளகாய்த்தூளைப் போட்டு வதக்கிவிட்டாள். வீட்டுக்காரர் ஆட்டுப்பால் கட்டியின் மேல் ஒரு கரண்டி வைத்துச் சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர். துடைத்துக்கொண்டு இன்னொரு கரண்டி கேட்டார். மிளகாய்த்தூள் தீர்ந்துகொண்டு வருகிறது, அடுத்த பார்சலில் இரண்டு கிலோவாக அனுப்பவும்.

வரும் 8-ம் தேதி மலைக்கோயிலுக்குப் போகிறோம். புரூயி மலை 484 மீட்டர், உச்சியில் மாதா கோயில். 1850களில் சாம்பல் நோய் விழுந்து கொடியெல்லாம் நாசமானபோது வேண்டிக்கொண்டு கட்டியது. மாதாவின் பெயரே திராட்சை மாதா. கந்தகப் பொடி தூவினால் நோய் கட்டுப்படும் என்று பிறகு தெரிந்துகொண்டார்கள். மாதாவையும் விடவில்லை, கந்தகத்தையும் விடவில்லை. வேப்பிலையும் செருகிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் போகிற நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். நார்த்தாமலை முத்துமாரிக்கு முடிந்து வைத்திருக்கிற காசை இங்கே போட்டால் கணக்கில் வருமா என்று அவள் கேட்கிறாள். அத்தையைக் கேட்டு எழுதுங்கள்.

முக்கியமான சங்கதி: வீட்டுக்காரர் ஜனவரியில் கீரனூருக்கு வருகிறேன் என்கிறார். தச்சங்குறிச்சி ஜல்லிக்கட்டைப் பற்றிச் சொல்லிவிட்டேன். பிரான்ஸின் தெற்கே கமார்க் பக்கத்தில் மாட்டுக் கொம்பில் கட்டியதைப் பறிக்கிற விளையாட்டு உண்டாம், அதனால் ஒரே ஆர்வம். மாடியறைக்குக் கொசுவலை போட்டு வையுங்கள். மூன்று போர்க்குழியையும் மூடி வையுங்கள், பார்த்தால் மறுபடி கேட்பார். அப்புறம், சமஸ்தானப் பெருமை பேச ஆரம்பித்தால் உங்களை நிறுத்த முடியாது என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன். திருச்சி முற்றுகையில் தொண்டைமான் இங்கிலீஷ்காரனுக்கு ஆளும் அரிசியும் அனுப்பியது, 1752-ல் பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கத்தில் சரணடைந்தது, இதெல்லாம் அவரிடம் வேண்டாம். ஜூன் வரை எனக்கு வாடகை ஒப்பந்தம் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்