கஷாயம் சார்

எங்கள் அடுக்ககத்தில் யாராவது தும்மினால், அடுத்த தும்மல் வருவதற்குள் கஷாயம் சார் வாசலில் நிற்பார். கணக்குப் பிரிவில் முப்பது வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். கையில் எப்போதும் பிளாஸ்க்.

"எங்கே, நாக்கை நீட்டுங்க!"

தப்ப முடியாது. கூரியர் கொடுக்க வந்த பையன்கூட நீட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்கிப் போனான்.

ஐப்பசி மழை பிடித்தால் அவருக்குச் சீசன். "நவக்கிரகம் மாதிரி ஒன்பது சரக்கு சார்! நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம்" என்று ஒப்பித்தபடியே டம்ளரை நீட்டுவார். குடித்தவர் முகம் அஷ்டகோணலாகும்போது, "கசக்குதா? அப்போ வேலை செய்யுது" என்பார். பக்கத்து வீட்டுக்காரரின் தட்டணு எண்ணிக்கையைத் தங்க விலை மாதிரி காலை, மாலை இரு வேளையும் அறிவிப்பார்.

சொல்வதெல்லாம் தப்பில்லை, அதுதான் சிக்கல். "காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். வலி மாத்திரையைக் கண்டபடி முழுங்காதே, டெங்குவா இருந்தா ரத்தம் கசியும்" என்பார். நூற்றுக்கு நூறு சரி. அதே மூச்சில், போன வருஷம் மிச்சமான ஆன்டிபயாடிக் அட்டையைச் சட்டைப்பையிலிருந்து உருவுவார். வைரஸ் அந்த மாத்திரைக்குப் பயப்படாது என்று நாம் சொன்னால், "எனக்குக் கேட்டுதே!" என்பார்.

போன மழைக்காலத்தில் கொசு ஒழிப்புப் பணியாளரான ஓர் அம்மா டார்ச்சோடு வந்தார். கஷாயம் சாரே வழிகாட்டி. "இவங்க பூந்தொட்டித் தட்டைப் பாருங்க, அவங்க மொட்டைமாடி டயரைப் பாருங்க" என்று எல்லார் குட்டையும் உடைத்துவிட்டு, கடைசியில் தன் வீட்டுக்கும் பெருமையாக அழைத்துப் போனார்.

அந்த அம்மா நேராக ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் குனிந்து, தண்ணீர் வடியும் தட்டை உருவி, வெளிச்சம் அடித்தார். கால்புள்ளிக்கு உயிர் வந்த மாதிரி இருபது முப்பது புழுக்கள் தலைகீழாக நெளிந்தன.

"அது நல்ல தண்ணிதாம்மா..." என்றார் சார், குரல் இறங்கி.

"நல்ல தண்ணியிலதான் சார் டெங்கு கொசு முட்டை போடும்."

ஒன்பது சரக்கும் தெரிந்தவருக்குப் பத்தாவது சரக்கு தன் வீட்டிலேயே ஊறிக்கொண்டிருந்தது தெரியவில்லை. இப்போது பிளாஸ்க்கோடு ஒரு டார்ச்சும் வைத்திருக்கிறார். ஆனால் அடிப்பது என்னவோ அடுத்த வீட்டு ஃப்ரிட்ஜுக்குத்தான்.

முட்டை கொசுவாகிப் பறக்க ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை உங்கள் வீட்டுத் தட்டைக் கவிழ்த்துவிடுங்கள். ஓரத்தில் ஒட்டியிருக்கும் முட்டை போக நாரால் தேய்த்தும் விடுங்கள். நாக்கை அப்புறம் நீட்டிக்கொள்ளலாம்.